துஷ்டிக்குப் போன மனுதாரர்கள்

தொழிலாளர் வழக்குப் பக்கம் புதிதாக வந்திருக்கிற உங்களில் சிலர் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள். சம்பள பாக்கிக்காக நிறையப் பேர் சேர்ந்து ஒரே மனுவாகப் போடும்போது எதைக் கவனிக்க வேண்டும்? எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எத்தனை நகல் என்பதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. அதைச் சொல்ல வீட்டில் உட்கார்ந்துவிட்ட கிழவி எதற்கு? நான் வேறொன்றைக் கேட்கிறேன். உங்கள் கட்சிக்காரர்கள் வாய்தா நாளன்று விசாரணைக்கு வராமல், எதிராளி வீட்டில் போய் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தால் என்ன செய்வீர்கள்? சிரிக்காதீர்கள். எனக்கு நடந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருடங்களில் ஒன்று. நான் காரியாபட்டிக்காரி, ஆபீஸ் விருதுநகரில். ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஒரு கூட்டம் என்னைத் தேடி வந்தது. முக்கால்வாசிப் பேர் பெண்கள். ஒரு பட்டாசு ஆலையில் பல வருடமாக வேலை பார்த்தவர்கள். அவர்களுக்காகப் பேசியவள் மாரியம்மாள். எல்லாருக்கும் மாரி. நாற்பது வயது இருக்கும். வெடிக்குத் திரி வைக்கிற வேலை. நிறையப் பேச மாட்டாள், பேசினால் கத்தரித்த மாதிரி இருக்கும்.

அவர்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. சனிக்கிழமை சம்பளம் வாங்கும்போது ஒரு பங்கை முதலாளியிடமே விட்டுவைப்பார்கள். கையில் வாங்கினால் கரைந்துவிடும், தீபாவளிக்கு மொத்தமாக வாங்கினால் துணிமணி எடுக்கலாம், கடனை அடைக்கலாம் என்று ஒரு கணக்கு. யாரும் எழுதிக் கேட்டதில்லை, யாரும் எழுதிக் கொடுத்ததும் இல்லை. வருடா வருடம் அந்தப் பணம் வந்துகொண்டுதான் இருந்தது. அந்த வருடம் தீபாவளிக்கு முன்னால் அதிகாரிகள் சோதனைக்கு வந்து ஆலையை மூடிவிட்டார்கள். அடுத்த மாதம் வாங்க, அதற்கடுத்த மாதம் வாங்க என்று சொல்லிக்கொண்டே இருந்த முதலாளி, ஆலையைத் திரும்பத் திறந்தபோது வேறு ஊர் ஆட்களை வைத்துக்கொண்டார். இவர்கள் கேட்டுக்குப் போனால் வாட்ச்மேன் உள்ளே விடவில்லை.

மனுப் போட்டோம். அதற்கு முதலாளி தந்த எதிருரையில், மனுதாரர்கள் யாரென்றே தனக்குத் தெரியாது, அவர்கள் ஒருநாளும் தன் ஆலையில் வேலை பார்த்ததில்லை என்று இருந்தது. படித்துக் காட்டியபோது அந்தப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கோபம்கூட இல்லை, ஒரு மாதிரி வெட்கம்.

அடையாள அட்டை கிடையாது, சம்பள ரசீது கிடையாது. சம்பளத்தைக் கையில் எண்ணிக் கொடுத்த போர்மேன் இப்போது முதலாளி பக்கம். ஆக, வழக்கு முழுக்க ஒரே கேள்வியில் வந்து நின்றது. இவர்களை அவருக்குத் தெரியுமா, தெரியாதா?

தோற்றால் பழைய பாக்கி மட்டும் போகாது. பொய்க் கேஸ் போடுகிறவர்கள் என்று பேச்சுப் பரவி, மனுவில் பேர் போட்டவர்களை அந்தப் பகுதியில் எந்தக் கம்பெனி வேனும் ஏற்றவில்லை. காலையில் ரோட்டோரம் வந்து நிற்பார்கள், வேன் அவர்களைத் தாண்டிப் போய் அடுத்த முக்கில் நிற்கும். ஜெயித்து, இவர்கள் பொய் சொல்லவில்லை என்று ஆனால்தான் அந்தப் பேச்சு அடங்கும். மாரியின் சொல்லை நம்பித்தான் மற்றவர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். தோற்றால் அந்த ஊரில் அவள் எந்த முகத்தோடு தண்ணி பிடிக்கப் போவாள்?

இப்போது வாய்தா நாளுக்கு வருகிறேன். தொழிலாளர் அதிகாரி முன்னால் விசாரணை. அன்றைக்கு மாரி சாட்சி சொல்ல வேண்டும். சாட்சி இல்லையென்றால் மனுவைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேட்க எதிர்த்தரப்பு வக்கீல் தயாராக இருப்பார் என்று எனக்குத் தெரியும். பெஞ்சைப் பார்க்கிறேன், காலி. ஒருத்தர்கூட இல்லை. எனக்கு உள்ளுக்குள்ளே பற்றிக்கொண்டு வந்தது. இவர்களுக்காக நாயாய் அலைகிறோம், நமக்கு வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "ஐயா, என் கட்சிக்காரரோட தாயார் நேத்துச் சாயங்காலம் காலமாயிட்டாங்க. வாய்தா வேணும்."

நான் பெரிய மனது பண்ணுகிற முகத்தோடு, ஆட்சேபணை இல்லை என்றேன். அதிகாரி பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு ஒரு தேதி கொடுத்தார். என் பெஞ்சு காலியாக இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. தப்பித்தோம் என்று வெளியே வந்தேன். அப்போதெல்லாம் என் கட்சிக்காரர்களிடம் செல்போன் இல்லை. அவர்கள் ஊர் வேன் டிரைவர் ஒருவரிடம் இருந்தது. கூப்பிட்டேன்.

"மாரியெல்லாம் எங்கப்பா?"

"இங்கனதாம்மா, திருத்தங்கல்ல இருக்காக. துஷ்டிக்கு வந்திருக்கோம்."

"துஷ்டியா? யார் வீட்டுச் சாவு?"

"நம்ம மொதலாளி வீட்டுத் துஷ்டிதாம்மா. பெரியம்மா போயிட்டாகல்ல."

போனை வைத்தேன். விசாரணைக்கு வரச் சொன்னால் பஸ் காசு இல்லை என்று மூக்கால் அழுகிறவர்கள், ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வேனை வாடகைக்குப் பிடித்துப் போயிருக்கிறார்கள். சிவகாசி பஸ்ஸில் ஏறித் திருத்தங்கலில் இறங்கினேன். நாலு வார்த்தை கேட்டு, கையோடு வேனில் ஏற்றி அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை என்று கிளம்பியிருந்தேன்.

சாவு வீட்டு வாசலில் பந்தல். மாரியைத் தேடி உள்ளே நாலு எட்டு வைத்திருப்பேன். ஒரு பெண் எழுந்து வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "எங்க அத்தைய வந்து பாருங்களேன், எப்படிப் படுத்திருக்காகன்னு பாருங்களேன்" என்று அழ ஆரம்பித்தாள். முதலாளியின் மனைவி. நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. துக்கத்துக்கு வந்த பொம்பளை, அவ்வளவுதான். அந்தப் பிடியிலிருந்து எப்படி விலகுவது? 'அம்மா, நான் உங்க வீட்டுக்காரர் மேல கேஸ் போட்ட வக்கீல்' என்றா சொல்வது? நானும் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றேன். முகத்தில் பளீரென்று வெளிச்சம் அடித்தது. வீடியோக்காரர். நம் பக்கம் கல்யாணத்துக்குப் போலவே சாவுக்கும் வீடியோ எடுப்பார்களே, அதுதான்.

அவள் தோளுக்கு மேலே பார்த்தால், என் மனுதாரர்கள் மொத்தப் பேரும் அந்த அம்மாளைச் சுற்றி உட்கார்ந்து மாரடித்து அழுகிறார்கள். இவர்கள் யாரென்றே தெரியாது என்று எழுதிக் கொடுத்த மனிதர் தோளில் துண்டோடு நின்று, வருகிறவர்களின் கையைத் தொட்டுக்கொண்டிருக்கிறார். அழுது வீங்கிய கண்ணோடு திரும்பி, "மாரி, நம்ம ஆளுகளுக்கெல்லாம் காப்பி கெடச்சுதா பாரு" என்கிறார். மாரி எழுந்து, முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு காப்பி வாளியைத் தேடிப் போகிறாள்.

நான் ஒருவழியாக வெளியே வந்து தெருமுனையில் நின்றேன். மாரி பின்னாலேயே வந்தாள்.

"கோவிச்சுக்கிடாதீக வக்கீலம்மா. வாய்தா எங்களுக்கு மறக்கல."

"மறக்கலைன்னா ஏன் வரல? அந்த ஆளு உன்னைத் தெரியவே தெரியாதுங்கறாரு. நீ வந்து அவரு வீட்டுல காப்பி குடுத்துக்கிட்டு இருக்கே."

"அவருக்காக வரல. என் தங்கச்சிக்கு வெடிமருந்து தீப்பிடிச்சுக் கை வெந்தப்ப, இந்தப் பெரியம்மாதான் ஆஸ்பத்திரியில எங்ககூடத் தரையில படுத்துக் கெடந்தாக. அவுகளத் தூக்கையில நாங்க இல்லாம எப்படி?"

 சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். சாவு வீட்டில் எனக்கு எதற்குச் சோறு என்று பஸ் ஏறிவிட்டேன்.

ஒரு வாரத்தில் என் ஜூனியர் மூச்சு வாங்க ஓடி வந்தான். கையில் ஒரு சிடி. வீடியோக்காரர் அவனுக்குத் தெரிந்தவராம். ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம். எல்லாம் தெளிவாக இருந்தது. மாரியின் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது, 'நம்ம ஆளுக' என்பது, பெரியம்மாவைக் குளிப்பாட்ட ஆண்கள் நீர்மாலைத் தண்ணீர் எடுத்து வரும்போது முதலாளி அவர்களோடு சேர்ந்து நடப்பது. நடுவில் நானும் வந்தேன், எதிராளியின் மனைவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு. ஜூனியர் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே.

இருந்தாலும் எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. என் சீனியர் இருந்தவரை சொல்லிக்கொண்டே இருப்பார், வழக்கு முடிகிறவரை கைக்கு வந்த சாட்சியத்தைக் கீழே வைக்காதே என்று. நான் படத்தில் இருப்பதால் வழக்கை நடத்துவதில் சிக்கல் வரும். வந்தால் வக்காலத்தை வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு நான் விலகிக்கொள்வது என்று முடிவுகூடச் செய்துவிட்டேன். அவ்வளவு ஆசை.

ஆனால் படத்தில் இருப்பது அவர்கள். கேட்காமல் செய்யக்கூடாது என்று ஏழாயிரம்பண்ணைக்குப் போனேன். மாரி வீட்டு வாசலில் எல்லாரும் கூடினார்கள். விஷயத்தைச் சொன்னேன். கை தட்டுவார்கள் என்று நினைத்தேன். எல்லாரும் மாரியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைசியில் மாரிதான் பேசினாள். "வேணாம் வக்கீலம்மா."

"ஏன்?"

"அத அங்கன கொண்டாந்து காட்டுனா, அதுக்காகத்தான் போனோம்னு ஆயிரும்."

"ஆகட்டுமே! யாரு என்ன சொன்னா உனக்கென்ன?"

"யாரும் சொல்ல வேணாம்மா. எங்களுக்கே அப்படி ஆயிரும்ல."

நான் அடிக்காத குறைதான். வேன் நிற்காமல் போவதைச் சொன்னேன். வாபஸ் வாங்குகிறவர்களுக்குப் பாதிப் பணம் தருவதாகப் போர்மேன் ஆள் விட்டுக்கொண்டிருப்பதையும், அதற்கு ஆசைப்பட்டு இரண்டு வீட்டில் சண்டை நடப்பதையும் சொன்னேன். உங்களுக்குப் பிழைக்கத் தெரியவில்லை என்றுகூடச் சொன்னேன். அவர்கள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்கள், ஆனால் அசையவில்லை. சண்டை நடந்த அந்த இரண்டு வீட்டுப் பெண்களும் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள்.

"சரி, சிடியை எடுக்க மாட்டேன். ஆனா ஒண்ணு. பதினாறுக்கு ஒருத்தரும் அந்த வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது. கேஸ் முடியிற வரைக்கும் அந்தப் பக்கமே போகக் கூடாது. இதுக்காவது கட்டுப்படுவீங்களா?"

அதற்கு அவர்கள் முகம் சுண்டிப்போனது. "போகலேன்னா நல்லா இருக்காதே" என்று முனகினார்கள். நான் பிடித்த பிடியில் நின்றேன். கடைசியில் மாரி, "சரிம்மா, நீங்களும் எம்புட்டுத்தான் எறங்கி வருவீக. போகல" என்றாள்.

விசாரணை நாள் வந்தது. மாரி முதலில் சாட்சி சொன்னாள். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் ரசீது உண்டா, அட்டை உண்டா என்று கேட்டுக் கேட்டு அவளை 'இல்ல, இல்ல' என்றே சொல்ல வைத்தார். அடுத்து முதலாளி. மொட்டை அடித்த தலையில் அப்போதுதான் முடி முளைத்துக்கொண்டிருந்தது. ஆள் பாதியாகியிருந்தார்.

மாரியைக் காட்டிக் கேட்டேன். "இவங்களைத் தெரியுமா?"

"தெரியாது."

"பார்த்ததே இல்லையா?"

"இல்ல."

பொய் சொல்கிறவரைப் பார்த்து எனக்குப் பழக்கம் உண்டு.  சிடி பைக்குள் இருந்தது. பை காலடியில் இருந்தது. கேட்க வேண்டியது ஒரே கேள்வி: உங்கள் தாயார் இறந்த அன்றைக்கு யாரைக் காப்பி பார்க்கச் சொன்னீர்கள்? ஜூனியர் என் முழங்கையைத் தொட்டான். நான் மாரியைத் திரும்பிப் பார்த்தேன், கண்ணை ஒரு சிமிட்டு சிமிட்டினாலும் போதும் என்று. அவள் என்னைப் பார்க்கவே இல்லை. அந்த மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேறு கேள்வி இல்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நான் உயர்ந்த காரியம் செய்துவிட்டதாக அப்போது எனக்குத் தோன்றவில்லை. வழக்கைக் கையால் தூக்கிக் கிணற்றில் போட்டது போலத்தான் இருந்தது. உட்கார்ந்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்று. வக்காலத்தில் கையெழுத்துப் போட்டு அவர்கள் எனக்குக் கொடுத்தது அவர்களுக்காகப் பேசும் உரிமை. அவர்கள் அழுததை எடுத்து விற்கிற உரிமையைக் கொடுக்கவில்லை, கேட்டும் மறுத்துவிட்டார்கள். கூட்டு மனுவில் இதுதான் உங்களை வழுக்கிவிடும். ஒருத்தர் கட்சிக்காரராக இருந்தால் அவர் முகம் ஞாபகம் இருக்கும். நூறு பேர் என்றால் கூட்டம் என்று நினைக்கத் தொடங்கிவிடுவோம், கூட்டத்துக்கு எது நல்லது என்று நாமே முடிவு கட்டிவிடுவோம்.

சாட்சியத்தை டைப் அடித்து முடிக்கும்வரை முதலாளி கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. நாற்காலியை விட்டு எழுந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓரமாக வந்து நின்றார். மாரி நின்ற இடமும் அதுதான். சின்ன அறை, இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கை தூரம்.  பிறகு மாரி, சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"ஐயா, பெரியம்மாவுக்குப் பதினாறெல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா?"

அவர் யோசிக்கவே இல்லை. "முடிஞ்சுது மாரி. ஒங்க செட்டு ஆளுக ஒருத்தர்கூட வரலையே? வீட்ல ஒங்களுக்குன்னு சோறு எடுத்து வச்சுக்கிட்டு, தேடிக்கிட்டே இருந்தா."

டைப் அடிக்கிற சத்தம் நின்றது. அதற்குப் பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. அவருடைய வக்கீல் பாதி எழுந்து அப்படியே நின்றார்.

அதிகாரி அதிகம் பேசாத மனிதர். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இப்பச் சொன்னதையும் சேர்த்து எழுதிக்கலாமா? இல்ல, முதல்ல சொன்னதை அடிச்சிரலாமா?"

"ஐயா, இது விசாரணை முடிஞ்ச பிறகு சாதாரணமா..." என்று வக்கீல் ஆரம்பித்தார்.

முதலாளி அவர் கையைப் பிடித்தார். "விடுங்க சார். பேசி முடிச்சுக்கிடுவோம்."

திரும்பிப் போகும்போது பஸ் ஸ்டாண்டில் மாரியைத் தனியாக இழுத்துக் கேட்டேன். "உண்மையச் சொல்லு. வேணும்னே கேட்டியா?"

"நீங்கதான பதினாறுக்குப் போகக் கூடாதுன்னுட்டீக. எதுக்க நிக்கிற ஆளுகிட்டக் கேக்காம வரமுடியுமா வக்கீலம்மா?"

அவள் முகத்தை உற்று உற்றுப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இன்றுவரை புரியவில்லை. பதினாறுக்குப் போயிருந்தால் அவள் கேட்க ஒன்றும் இருந்திருக்காது என்பது மட்டும் பஸ் ஏறிய பிறகு எனக்கு உறைத்தது. சிடியை அவளிடமே கொடுத்துவிட்டேன். பெரியம்மா அதில் நன்றாகத் தெரிகிறார்களா என்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு முன்னால் முழுப் பாக்கியும் அதிகாரி முன்னிலையில் பட்டுவாடா ஆனது. அப்போது ஒரு சம்பிரதாயம் உண்டு. பணம் வாங்குகிறவர் உண்மையான ஆள்தானா என்று முதலாளி அடையாளம் காட்ட வேண்டும். இந்த மனிதர் யாரையும் கேட்காமல், எந்தக் காகிதத்தையும் பார்க்காமல் ஒவ்வொருவரையும் பேர் சொன்னார், ஊர் சொன்னார், ஆலையில் எந்த ஷெட்டில் என்ன வேலை என்றும் சொன்னார். தெரியாதவர்களைப் பற்றி அவ்வளவு தெரிந்து வைத்திருந்தார். மாரி எல்லாரையும் முன்னால் அனுப்பிவிட்டுக் கடைசியாக வந்தாள்.

"இது மாரியம்மா. ஏழாயிரம்பண்ணை. நாலாம் செட்டு, திரி வைக்கிற வேலை" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அதிகாரி மாரியிடமும் கேட்டார். "நீ சொல்லும்மா. இவர்தான் முதலாளியா? இவரை உனக்குத் தெரியுமா?"

மாரி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்னுதான்யா நெனச்சிருந்தேன்" என்றாள். "கையெழுத்து எங்கன போடணும்?"

அதிகாரி இடத்தைக் காட்டினார்.